கொழுந்து லொறி ஓட்டியவருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

அப்பா,

இன்று கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசி துடைத்தேன். மறுபடி ஓடவிட்டதும் சூடேறிய தூசியின் காய்ந்த வாசனை அறையெங்கும் பரவியது. "என்ஜின் சூடாவுது பாப்பா, கொஞ்சம் ஓரங்கட்டுவோம்" என்பீர்களே, அதே வாசனை. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

உங்கள்மேல் இல்லை. ஹட்டனில் அந்தக் கணினிக் கடைக்காரன்மேல்.

மஸ்கெலியாவுக்கு மேலே அத்தனை வளைவுகளிலும் வருடக்கணக்காகத் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஓட்டிய உங்களைப் பாரிசவாதம் ஒரே காலையில் கட்டிலில் போட்டது. இடது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. நம் லயத்து வீட்டுக்குக் கீழே ரோட்டில் லொறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வீர்கள். அதைப் பார்க்கமாட்டாமல்தான் ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட பழைய கணினியை வாங்கி வந்து, லொறி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். படம் விட்டுவிட்டு வந்தது. "ரோடு முந்தி வருது, வண்டி பிந்தி வருது" என்று சிரித்தீர்கள். விழுந்த நாளிலிருந்து அதுதான் உங்கள் முதல் சிரிப்பு.

படம் தடங்காமல் ஓடத்தான் ஒரு கிராபிக்ஸ் கார்டு தேடினேன். நம் கணினியின் பவர் சப்ளை சின்னது. தனி மின்வயர் கேட்காத கார்டாக வேண்டும். பெட்டி ஒடுக்கமானது, குட்டையான கார்டாக வேண்டும். விலையும் நமக்குக் கட்டுப்படியாக வேண்டும். பல நாள் ஒப்பிட்டுப் பார்த்து நான் விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு, நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "எத்தன டன் இழுக்கும்?"

கடைக்காரன் நாலு ஜிபி என்று அச்சிட்ட பெட்டியைக் கொடுத்தான். "புதுசு மிஸ், சீல்கூட உடைக்கல." பிறகு, தட்டுத்தடுமாறி நடக்கத் தொடங்கி என்னோடு ஊன்றுகோலோடு வந்திருந்த உங்களைப் பார்த்து, "பெருசுக்கா கேமு?" என்று சிரித்தான். அப்பா, அன்று நானும் சிரித்தேன். அதை உங்களிடம் சொல்லி வருந்தியதே இல்லை.

வீட்டில் பத்து நிமிடம் ஓடியது, திரை கறுத்தது. திரும்பத் திரும்ப அப்படியே. கார்டின் உண்மையைக் காட்டும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது எப்போதோ வழக்கொழிந்த சிப். நினைவகம் ஒரு ஜிபிதான். பழையதற்குப் புதுப் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் எடுக்கும் நானே ஏமாந்திருந்தேன். வெட்கத்தில், "விடுங்கப்பா, கொறஞ்ச வெலைக்கு இதுதான் கெடைக்கும்" என்றேன்.

"கொறஞ்ச வெலையிலதான் கேட்டோம். பொய்யையா கேட்டோம்?" என்று சட்டையை மாட்டினீர்கள்.

பஸ்ஸில் ஏற்றி இறக்கி உங்களை மறுபடி கடைக்குக் கூட்டிப்போக நான் பட்ட பாடு! கடைக்காரன் கார்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தோட்டத்துக் கரண்டுல போட்டா எந்தக் கார்டும் இப்படித்தான் ஆகும், ஐயா."

தோட்டத்துக் கரண்டு! அந்தச் சொல்லை அவன் சொன்ன விதம் இப்போதும் காதில் சுடுகிறது.

நீங்கள் சத்தம் போடவில்லை. "கரண்டு அடிச்சா கார்டு செத்துப் போவும் தம்பி. வயசு கூடிப் போவுமா? ஒங்க டவுன் கரண்டுலயே போட்டுக் காட்டுங்க" என்றீர்கள். அவன் மாட்டேன் என்றான். கல்லாவுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டீர்கள். உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும், "போட்டுப் பாத்து வாங்குங்க, எங்களுக்குப் பேரு மாத்தின சாமான் குடுத்துட்டாங்க" என்று பணிவாகச் சொன்னீர்கள். நான் உங்கள் தோளைத் தொட்டு, "அவமானமா இருக்குப்பா, போவோம்" என்றேன்.

"அவமானம் அவருக்கு. நீ ஏன் எடுத்துக்கிற?"

மத்தியானத்துக்குள் வந்தவர்களில் மூன்று பேர் வாங்காமல் திரும்பினார்கள். ஒருவர் மட்டும் நின்று, "போட்டுத்தான் காட்டுங்களேன்" என்றார். கடைக்காரன் வேறு வழியில்லாமல் தன் கணினியில் மாட்டி அதே மென்பொருளை ஓட்டினான். அதே பழைய சிப், அதே ஒரு ஜிபி. கூடியிருந்தவர்கள் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை அவன். "எனக்கும் இப்படித்தான் வந்திச்சு" என்று முணுமுணுத்து வேறொன்றை எடுத்தான். ரெண்டு ஜிபிதான், ஆனால் உண்மையான ரெண்டு ஜிபி. அதையும் ஓட்டிக் காட்டும்வரை நீங்கள் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கத் திரையில் வண்டி ஓட்டினீர்கள், வலது கையின் மூன்று விரல்களால் அம்புக்குறி விசைகளை அழுத்தி. ஆளில்லாத சந்தியிலும் சிவப்பு விளக்குக்கு நின்றீர்கள். குருட்டு வளைவுக்கெல்லாம் ஹோர்ன் அடித்தீர்கள். இரண்டாவது தடவை பாரிசவாதம் வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டீர்கள்.

கருமாதி அன்று, பந்தியில் உட்கார்ந்திருந்த மாமா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "வயசான காலத்துல கேம் வெளையாடி வெளையாடியே மனுசன் ஒடம்பக் கெடுத்துக்கிட்டாரு."

பரிமாறிக்கொண்டிருந்த நான் வாளியைக் கீழே வைத்தேன். "எங்கப்பா வெளையாடல மாமா. வண்டி ஓட்டுனாரு."

குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா கண்ணால் அடக்கப் பார்த்தாள். நான் தலையைக் குனியவில்லை. எதற்கெடுத்தாலும் "விடுங்க" என்று சொல்லிப் பழகிய நாக்கு அன்றோடு அந்தச் சொல்லை மறந்தது, அப்பா. இந்தக் கோபம் உங்களுடையது. ஆற விடமாட்டேன்.