மழை நாளில் மட்டும் நோயாளிகள்

என் ஞானம் அண்ணிக்கு, அன்பும் கோபமும் சரிபாதியாய்க் கலந்து எழுதுவது.

உங்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது உங்களோடு பேசுவதோடு சரி. இன்றைக்கு எழுதவே உட்கார்ந்துவிட்டேன். என் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். ரோசலி வாயைத் திறந்தால் லயத்து வரிசை வீடெல்லாம் எழுந்துவிடும் என்று கேலி செய்வீர்களே, போன மாதம் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் ஆயிற்று.

நம்ம பிலோவுக்கு மார்பில் கட்டி. ஆமாம் அண்ணி, உங்கள் மகளுக்கும். நீங்கள் போனபோது பள்ளிக்கூடப் பிள்ளை, இப்போது நீங்கள் பால் வெட்டிய அதே ரப்பர் மர நிரையில் பால் வெட்டுகிறாள். உங்களைப் போலவே மறைத்து வைத்திருந்து, கடைசியில் என்னிடம் மட்டும் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அறுவை டாக்டரைப் பார்க்க ஆறு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவன் நம்ம தமிழ்ப் பிள்ளைதான்.

"எஸ்டேட் ஆளுங்களுக்குத் தேதி குடுத்து என்னா பிரயோசனம்கா? குடுத்த நாளைக்கு வர மாட்டாங்க. மழை பெஞ்சா மட்டும் கூட்டமா வந்து நிப்பாங்க. டாக்டர் என்னா, வானத்தைப் பாத்தா வருவாரு? இவங்க அப்படித்தான் லா."

மழையில் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த ஒரு காலையில்தான் பல்வலிக்காரனும் பிள்ளைத்தாச்சியும் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுகிறார்கள். வெயில் நாளில் போனால் கூலி போச்சு, திரும்பி வந்து, வேலைக்கு ஆள் விடுகிற மண்டோரின் ஏச்சும் வாங்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம், இத்தனை வருஷமாக நம்ம ஆட்களைப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று விட்டுவிட்டார்களா?

உங்களுக்கும் தேதி கொடுத்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு வாரம் விடாத மழை, வீட்டில் அரிசி இல்லை. தேதியன்று பார்த்து வானம் வெளுத்தது. இன்றைக்கு வராதவர்களின் நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மண்டோர் லயம் முழுக்கச் சொல்லிப்போனார். நான் எவ்வளவோ தடுத்தேன். "கட்டி எங்க ஓடிப்போவுது? அடுத்த மழைக்குப் போய்க் காட்டிக்கிறேன்" என்று வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

அடுத்த மழைக்கு முதல் பஸ்ஸில் போனோம். தேதி தாண்டிவிட்டது, வரிசையில் கடைசிக்குப் போங்கள் என்றார்கள். கடைசி என்றால் கிறிஸ்துமஸ் தாண்டி. அதற்குள் கட்டி புண்ணாயிற்று, கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இல்லை.

கிறிஸ்துமஸ் தாண்டிய அந்தத் தேதியன்று நான் மட்டும் போனேன். இதை அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று, செத்துப்போயிட்டாங்க என்றேன். நர்ஸ் மிஸ்ஸி தலை நிமிராமல் 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அன்று கேட்காமல் விட்டதை எல்லாம் சேர்த்துத்தான் போன மாதம் அந்தக் கவுண்டரில் கேட்டேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

சத்தம் கேட்டு வயதான மிஸ்ஸி ஒருத்தி வந்து என்னை ஓரமாக அழைத்துப்போனாள்.

"கத்தாதீங்கம்மா. டாக்டர் வர்ற நாளு வெயில் அடிச்சா காலையிலேயே பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. எஸ்டேட்காரங்க பாதி பேரு வர மாட்டாங்க. அந்த எடத்துல உள்ள விடுறேன்."

பிலோவை அன்றைக்கே, டவுனில் இப்போது நான் இருக்கும் பாக்கார் ஆராங் வீட்டோடு வைத்துக்கொண்டேன். வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவதாக மண்டோர் சொல்லி அனுப்பினார். "வேல போயிரும் அத்த" என்று அழுதாள். "போவட்டும் லா, நான் சோறு போடுறேன்" என்றேன். அண்ணனுக்கு என் மேல் வருத்தம்தான்.

மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் மழை, உட்கார இடமில்லாத கூட்டம். நேற்று நல்ல வெயில், பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. முனியம்மா என்று ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. மிஸ்ஸி எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். டாக்டர் சோதித்துவிட்டு, கட்டி சின்னதுதான், வரும் வெள்ளிக்கிழமையே எடுத்துவிடலாம் என்றார்.

பிலோ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான் அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுடைய இடத்திலும் அன்றைக்கு யாரோ ஒருத்தி இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், இல்லையா? அவள் பிழைத்தாளா? இப்படி ஒருத்தி இடத்தை இன்னொருத்தி எடுத்துத்தான் நாம் வாழ வேண்டுமா?

முனியம்மாவுக்கு எந்தத் தோட்டம் என்று மிஸ்ஸியிடம் கேட்டுக்கொண்டேன். திகாம் பத்து என்கிற ஊர்ப் பக்கமாம். பிலோவுக்குக் கட்டியை எடுத்த மறுநாளே பஸ் ஏறுவேன். லயம் லயமாகக் கேட்டாவது அவளைக் கண்டுபிடித்து, என் வீட்டுக்குக் கூட்டிவந்து, டாக்டர் முன்னால் உட்கார வைக்காமல் விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் பிள்ளைக்கு அத்தை,
உங்களுக்கு என்றைக்கும் நாத்தனார்,
ரோசலி