அன்று நான் சொன்ன சம்மதம்

சாந்தோம்
18.11.2025

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு,

மாதா துணையால் இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்கு அம்மா செபமாலை சொல்கிறாள், நான் தினமும் போனில் லீட்ஸில் எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொள்கிறேன். நீ அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அந்த வருத்தம் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் உன் அக்கா மர்சலினும் மாப்பிள்ளை நோயலும் ஆதம்பாக்கத்திலிருந்து டெல்பினோடு வந்தார்கள். பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டது, கோவிலில் முதல் நற்கருணை வாங்க, புதுநன்மைக்குப் படிக்கிறாள். காது அப்படியே உன் காது, அதை எழுதவே எனக்குக் கூசுகிறது. சாப்பிட்டதும் பிள்ளையை மாடிக்கு அனுப்பிவிட்டு மர்சலின் பேச்சை எடுத்தாள். இன்னொரு குழந்தை வேண்டுமாம். அன்று போலவே உன் கருமுட்டைதான் வேண்டுமாம். இப்போது சட்டப்படி இங்கே தங்கையிடம் வாங்க முடியாதாம், உன் ஊருக்கே வந்து செய்துகொள்கிறோம், நீ ஒரு வார்த்தை சொல்லு நைனா, நீ சொன்னா அவ தட்ட மாட்டா என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவ குடுக்க மாட்டா, ஒருவாட்டி குடுத்தது போதும், என் பொண்ணு இன்னா கோழிப்பண்ணையா வச்சிக்கினு கீறா என்று கத்தினேன். உனக்காக நின்றுவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. அப்போது மர்சலின், அவளக் கேட்டியா நைனா, அன்னிக்கு ஆமான்னதும் நீ, இன்னிக்கு இல்லன்னதும் நீ, அவ எப்ப வாயத் தொறந்தா என்றாள். வெளியே போ என்றேன். போய்விட்டார்கள்.

அவள் சொன்னது நிஜம். ஒன்பது வருடத்துக்கு முன் தி.நகர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், உனக்கு இதில் விருப்பமா என்று. நீ வாயெடுக்குமுன், சம்மதம்தான் டாக்டர், கூடப்பிறந்தவளுக்குத்தானே என்றவன் நான். நீ கையிலிருந்த குடையின் பட்டனைப் போட்டுப் போட்டுக் கழற்றினாய். கையெழுத்துப் போட்டது நீதான் என்று இத்தனை வருடம் வாதாடினேன், பேனாவை எடுத்துக் கொடுத்தவன் நான். பத்து நாள் வயிற்றில் ஊசி போட ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன், வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாயோ என்று பயம். பங்குக் கோவிலில் எல்லோரிடமும் குடல்வால் ஆபரேஷன் என்று பொய் சொல்லி அதற்கு ஒரு பூசை வேறு ஒப்புக்கொடுத்தேன். டெல்பின் பிறந்தது தப்பு என்று எந்தச் சாமியார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் உன்னைக் கேட்காமல் உன் உடம்பை நான் எடுத்துக் கொடுத்தேன். உன் அம்மா முகத்தைப் பார்க்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

நேற்று மர்சலினைப் போனில் கூப்பிட்டு, தங்கச்சியிடம் நீயே கேள், என் பெயரை இழுக்காதே என்றேன். அவள் பேசுவாள். கொடுப்பதும் மறுப்பதும் உன் இஷ்டம். என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள். ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பார். ஒன்றை மறக்காதே, அக்கா கேட்டதும் பதில் சொல்லிவிடாதே, யோசிக்க நாள் வேண்டும் என்று சொல். அன்று உனக்கு நான் ஒரு நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை.

உன் நைனா,
பவுல்சாமி