சீஸ் கிராக்கரில் கால்சியம் அதிகம்

ருவைஸ், நவம்பர் 2006, வெள்ளி இரவு

ரூம்மேட் முருகேசன் நாளைக்கு லீவில் ஊருக்குப் போகிறான். பெட்டியில் ஒரே ஒரு பாக்கெட்டுக்குத்தான் இடம் இருக்கிறதாம். மகள் கயல் ரொம்ப இளைத்துவிட்டாள், ஆறு வயசுப் பிள்ளைக்குப் புரோட்டீனும் கால்சியமும் போதவில்லை என்று டாக்டர் சொன்னதாக மஞ்சு போன வாரம் அழுதாள். அதனால் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கையில் குளுக்கோஸ் பிஸ்கட்டும் இன்னொரு கையில் சீஸ் கிராக்கருமாக நின்று பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். பிஸ்கட்டில் சர்க்கரைதான் தூக்கல். கிராக்கரில் உப்பும் எண்ணெயும் கூடுதல்தான், ஆனால் புரோட்டீனும் கால்சியமும் அதிகம். "பாய், ஜல்தி" என்று பின்னால் நின்றவன் அவசரப்படுத்தினான். உன் பிள்ளைக்கா வாங்குகிறேன், போடா என்று தமிழிலேயே சொன்னேன்.

கிராக்கரை வாங்கிவிட்டுப் பெருமையாக மஞ்சுவுக்குப் போன் போட்டேன்.

"அது மொறுமொறுன்னு இருக்குமேங்க. பிஸ்கட்னா பால்ல ஊறவச்சுக் குடுத்துருவேன். முன்பல்லு ரெண்டும் இல்லாம அவ எப்படிக் கடிப்பா?"

"எப்ப விழுந்துச்சு?"

"ஒரு மாசமாச்சு. நான் சொல்லலையா?"

ஒரு மாசமாகவே போனில் கயல் பேச்சு பாதி காற்றாகத்தான் வருகிறது. லைன் சரியில்லை என்று நினைத்து காலிங் கார்டைக்கூட மாற்றினேன். ஒழுங்காப் பேசு பாப்பா என்று அவளை அதட்டியும் இருக்கிறேன்.

திரும்பப் போய் பிஸ்கட் வாங்கி முருகேசனிடம் கொடுத்துவிட்டேன்.

புதுப் பல் முளைத்ததும் பேச்சு சரியாகிவிடும் என்கிறாள் மஞ்சு. என் லீவு அதற்கு அப்புறம்தான்.