வேறு மருந்து உண்டா என்று கேட்டார்கள்

அப்பா,

இன்று காலை செம்பூர்க் கண் டாக்டர் எனக்கும் உங்களுக்கு வந்த அதே கண்ணழுத்த வியாதிதான் என்று சொல்லி, சுண்டுவிரல் அளவு சொட்டு மருந்துக் குப்பி ஒன்றைக் காட்டினார். "பிளட் பிரஷருக்குக் குடுக்கிற மாத்திரை வகைதாம்மா இது. கண்ணுக்குள்ள இருக்கிற அழுத்தத்தையும் குறைக்கும்" என்றார். எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. நீங்கள் போய் முப்பது வருஷம் ஆகியும் இது ஆறவில்லை.

அறுபதுகளின் கடைசி. உங்கள் இந்தி தாராவிக் கடைத்தெருவோடு சரி. அதனால் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பதின்மூன்று வயதில் நான்தான் உங்கள் வாய். ஆபரேஷன் என்று பேச்சு வந்திருந்தது. ஒருநாள் டாக்டர் உங்கள் கண்ணை அளந்தார், நம்பாமல் மறுபடி அளந்தார். அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று என்னிடம் இந்தியில் கேட்டார்.

சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். ரத்த அழுத்தத்துக்குத் தாதர் டாக்டர் ஒருவர் கொடுத்த புது மாத்திரை, இரண்டு மாதமாக, அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது.

"ஏளா, இல்லன்னு சொல்லு" என்றீர்கள், சிரித்த முகத்தோடு. "பேப்பர்ல பிரஷர்னு எழுதிட்டாம்னா? லீவுக்கு அதத்தான தோல் கம்பெனியில காட்டணும். சீட்டக் கிழிச்சிருவானுவ."

"நஹீ" என்றேன்.

ஏற்கெனவே போட்டுவந்த சொட்டு மருந்துதான் கேட்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தார். பிரஷரால் வந்த தலைச்சுற்றல் நின்றதும் நீங்கள் மாத்திரையை நிறுத்தினீர்கள். ஆஸ்பத்திரிப் பக்கமும் போகவில்லை. இரண்டு வருஷத்தில் உங்கள் கண்ணுக்குக் கம்பெனி மெஷின் தெரியவில்லை, பிறகு நான் தெரியவில்லை. அம்மா மாதுங்காவில் வீட்டு வேலைக்குப் போனாள். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "அந்த டாக்டர்தான் எங் கண்ணக் கெடுத்தான். எம் மவ இந்தியில புட்டுப்புட்டு வச்சா, அவனுக்குத்தான் வெளங்கல" என்றீர்கள். என்னை அப்படி மெச்சினீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மாத்திரைதான் உங்கள் கண்ணைக் காத்ததா? தெரியாது. அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவரிடம் என்னைப் பொய் சொல்ல வைத்தீர்கள்.

இன்றும் டாக்டர் கேட்டார், வேறு மருந்து உண்டா என்று. கூட வந்த என் மகள் எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பையை மேஜையில் கவிழ்த்தேன். இருமல் மிட்டாயைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றையும் நானே சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் மகள் இல்லை, அப்பா.