மைனி கொண்டுவந்த மண்

என் பிரியமுள்ள சரசு மைனிக்கு,

நார்த்தங்கன்று பிழைத்துவிட்டது. நலம் விசாரிக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இல்லை. ஆகையால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போன பிறகு உங்கள் மகள் செல்வி என்னிடம் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அத்தை, அம்மைக்க நாரத்துல எனக்கு ஒரு கன்னு வேணும். ஆண்டுத் திதி அன்னைக்கு எங்க முற்றத்துல வெக்கணும்." கேட்டுவிட்டு அழுதாள். தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான், என்னை உங்களுக்குத் தெரியும்.

ஆனால் மரம் எங்கே இருக்கிறது? ஆரியசாலையில் உங்கள் வீட்டை வாங்கினவர்கள் புழக்கடை முழுவதும் சிமெண்டு போட்டுவிட்டார்கள். கரமனையில் எங்கள் வீட்டில் நின்ற அதன் பிள்ளை மரத்தை, கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அதற்குள் என் மகன் வெட்டிவிட்டான். ஒரு நோய் கிடையாது, காயும் பிஞ்சுமாய் நின்ற மரம். அந்த மழைக்காலம் முழுவதும் அவனோடு நான் பேசவில்லை. இப்போதும் கேட்டதற்குத்தான் பதில். வெட்டிய மரத்தில் பழுத்துக் கிடந்த கடைசிப் பழங்களை எடுத்து, விதை ஈரம் காயும் முன் ஊன்றினேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஊன்றுவதற்கு முன் பார்த்தால், நாற்றுப் பையில் நிறைக்க வைத்திருந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாய் நூல் ஓடியிருந்தது. பூசணம்! சாலைச் சந்தைக் கடைகளுக்கு ஊறுகாய் போட்டே பிள்ளைகளை வளர்த்தவள் நான். கரண்டியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் போதும், ஊறுகாய்ப் பரணி முழுவதும் பூசணம் பிடித்து வீணாகும். அதைக் கண்டால் எனக்கு ஆகாது. அண்டாவை அடுப்பில் ஏற்றி, மண் முழுவதையும் ஆவியில் அவித்தேன். என் வீட்டுக்காரர், உங்கள் அருமைத் தம்பி, வந்து எட்டிப் பார்த்தார்.

"எட்டீ, மண்ணு நல்லா வெந்துட்டு. கடுகு தாளிச்சு எறக்கிரு, மத்தியானத்துக்கு ஆச்சு."

"ஒங்களுக்கு அதான் வெளம்புவேன். போயி இலையைப் போட்டு இரியும்" என்றேன்.

விதை முளைத்தது. விரல் உயரம் வந்தது. அப்படியே நின்றுவிட்டது. இலை மஞ்சளித்தது. சாணி கரைத்து விட்டேன், பிண்ணாக்கு ஊறவைத்து விட்டேன், கடையில் விற்கிற உரமும் போட்டேன். கன்றுகள் ஒவ்வொன்றாய்ச் சுருண்டு சாய்ந்தன. செல்வி போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்குட்டீ" என்று பொய் சொன்னேன். உங்கள் திதி நெருங்கி வந்தது. உங்கள் மகள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் மைனி?

கடைசியில் ஒரு கன்றைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து, செடிக்கு வைத்தியம் சொல்கிற கிருஷி ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு மலையாளத்துப் பெண், நல்ல சிரித்த முகம்.

"மண்ணு எவிடேந்தா அம்மே?"

"வீட்டு மண்ணுதான் மோளே. சுத்தமா அவிச்செடுத்தது."

"வேகவெச்சோ!" பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பின்னே எங்ஙன வளரும்? சோறு முன்னில உண்டு, வாரித் தின்னான் கை இல்லல்லோ!"

பாதி மலையாளம், பாதி தமிழ் என்று அவள் விளக்கினாள். நார்த்தை, எலுமிச்சை வகைகளுக்கு வேரில் மயிர்போன்ற தூவி குறைவாம். தூரத்தில் இருக்கிற சத்து அதற்கு எட்டாது. மணிச்சத்து என்று ஒன்று இருக்கிறதாம், அது மண்ணைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்தை விட்டு அசையாது. அதை எடுத்துவர மண்ணிலே ஒரு பூசணம் இருக்கிறது. வேருக்குள்ளேயே குடியேறி, அங்கிருந்து நூலாய் நீண்டு போய், சத்தைத் தேடிக் கொண்டுவந்து செடிக்குக் கொடுக்கும். சும்மா இல்லை, செடி வெயிலில் சமைக்கிற சர்க்கரையில் அதற்கும் பங்கு உண்டு. நான் கண்ட வெள்ளை நூல் வேறு ஏதாவது சருகு தின்கிற பூசணமாக இருக்கும், இது கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது என்றாள். அண்டாவுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? எல்லாவற்றையும் சேர்த்து அவித்துவிட்டது.

"பூசணம் அழுக வைக்கிற சாதியாச்சே" என்று நான் விடவில்லை.

"எல்லாப் பூப்பலும் கள்ளனல்ல அம்மே." பூப்பல் என்றால் பூசணம்; சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தப் பூசணத்தைப் பொடியில் கலந்து கொடுப்பார்களாம், அன்றைக்கு ஆபீசில் அந்தப் பொடி வந்திருக்கவில்லை. "நோயில்லாத பழைய நாரகம் நின்ற மண்ணு உண்டெங்கில் ஒரு பிடி வேரில தட்டுற மாதிரி வெச்சு நோக்கு. உரம் வாரிக் கொட்டண்டா. அது கூடிப்போனா செடி பூப்பலைச் சேர்க்காது."

ஒரு பிடி மண். அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது மைனி.

எங்கள் கரமனை வீட்டுப் பால்காய்ச்சு. எல்லோரும் பாத்திரமும் பழமுமாய் வந்தார்கள். நீங்கள் ஒரு நார்த்தங்கன்றும், பழைய வேட்டித் துணியில் கட்டிய மண்ணுமாய் வந்தீர்கள். மாவிடிக்கிற அவசரத்தில் நான் நிற்க, என் பிறந்த வீட்டார் பார்க்க, முற்றத்துக் குழியில் அந்த மண்ணைக் கொட்டினீர்கள். என் அம்மா என் காதில், "வெளங்கணும்னு பால் காய்ச்சுத அன்னைக்கு மண்ணை அள்ளிப் போடுதாளே பாவி" என்றாள்.

"ஏன் மைனி, எங்க வீட்டுல மண்ணுக்கா பஞ்சம்?" என்று கேட்டேன்.

"கெடக்கட்டும். தாய் மரத்து மண்ணு" என்றீர்கள். அவ்வளவுதான். கையைத் தட்டிவிட்டு வெற்றிலைக்குப் போய்விட்டீர்கள்.

உங்களுக்கு அந்தப் பூசணத்தைத் தெரியுமா? உங்கள் மாமியார் செய்ததைப் பார்த்துச் செய்தீர்களா? தெரிந்திருந்தால், ஒரு வார்த்தை விளக்கிச் சொன்னால் என்ன? அன்று முதல் இந்த வருஷம் வரை அந்த மண்ணை நான் சாபம் என்றே வைத்திருந்தேன். அந்த மரத்துக் காயில் ஊறுகாய் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டே, சாபம் என்றேன்.

எங்கள் முற்றத்தில் மரம் நின்ற இடத்தில் சிமெண்டு படாத ஓரம் ஒன்று மிச்சம். அதில் ஒரு வாழை நிற்கிறது. வாழை வேரிலும் அந்தப் பூசணம் குடியிருக்கும், மரம் போனாலும் அது போகாது என்று ஆபீஸ் பெண் சொல்லியிருந்தாள். தோண்டி அள்ளினேன். நீங்கள் ஆரியசாலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மண்ணும் அதில் கலந்துதான் இருக்கிறது. மிஞ்சியிருந்த கன்றுகளின் வேரோரம் வைத்தேன்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மழை பிடித்தது. ஒரு காலையில் நுனியில் பச்சையாய், எண்ணெய் தடவினதுபோல ஒரு துளிர். உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேலி பேசவில்லை. "அக்காக்க மண்ணுல்லா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு கன்று நிமிர்ந்துவிட்டன. ஒன்று செல்விக்கு. ஒன்று வாழைக்குப் பக்கத்தில். என் மகன் இந்த முறை கோடரியைத் தொடட்டும், பார்க்கிறேன்.

உங்களுக்குப் பெரிய நன்றி மைனி. அந்த மண்ணுக்காக வைத்திருந்த கோபம் இன்றோடு தீர்ந்தது. மற்றவை அப்படியே இருக்கின்றன. என் மயில்கழுத்துப் பட்டுச்சேலையை வாங்கிக் கட்டி மஞ்சள் கறையோடு மடித்துத் தந்தது இருக்கிறது. மாமனார் முன்னால் என் ரசத்தைக் கைகழுவுகிற தண்ணீர் என்றது இருக்கிறது. அவற்றை நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

திதியன்று செல்வி கையில் கன்றைக் கொடுக்கும்போது, ஒரு பிடி மண்ணையும் துணியில் கட்டிக் கொடுப்பேன். நீங்கள் செய்யாத ஒன்றையும் செய்வேன். அது எதற்கென்று அவளுக்கு வாய் திறந்து சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி,
பகவதி