கண்மாய்க்குப் பார்க்கப் போன படகு

பக்கத்து வீட்டு இரும்புக் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த வாடை என் வீடு முழுக்க நிற்கிறது. சன்னலைச் சாத்திச் சாம்பிராணி போட்டுப் பார்த்தேன்; போவதாக இல்லை. புதுப் பெயிண்ட் வாடை வந்தால் மற்றவர்களுக்குப் பொங்கல் ஞாபகம் வரும், கல்யாணம் ஞாபகம் வரும். எனக்கு ஒரு தகரக் கதவு ஞாபகம் வரும். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன். மீதியை உனக்குக்கூடச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். படிக்க ஆள் இல்லாதபோது கோமதிக்குத் தைரியம் வந்துவிட்டது என்று கேலி செய்வாய். செய்துகொள்.

நம் மகளிர் குழு கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்த முதல் வருடம் அது. பன்னிரண்டு பேரும் பொம்பளைகள் என்று ஏலம் நடந்த இடத்திலேயே சிரித்தார்கள். நீ அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாய். கட்லாக் குஞ்சும் ரோகுக் குஞ்சும் வாங்கி விட்டோம். மழை கண்மண் தெரியாமல் பெய்தது. மாசி பிறந்தும் கண்மாயில் ஆள் மட்டத்துக்கு மேல் தண்ணீர். இறங்கி வலை இழுக்க வழியில்லை. குத்தகையோ பங்குனியோடு முடிகிறது. பரிசல்காரர் வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கிற மீனில் பாதி தனக்கு என்றார். சொந்தமாக ஒரு பழைய படகு வாங்கிவிட்டால் அந்தப் பாதி மிஞ்சும் என்று கூட்டத்தில் முடிவானது. ராஜபாளையத்தில் ஒருவர் ஃபைபர் படகு விற்கிறார் என்று யாரோ சொன்னார்கள். குழுவின் செயலாளர் என்று நான் கிளம்பினேன். நீ தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து, மில் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவள். படகு என்றால் என்னவென்று குழுவிலேயே உனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் உன்னையும் கூட்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் முழுக்க என்னைக் கிண்டல்தான். "ஏட்டி கோமதி, மலையடிவாரத்துல ஒருத்தன் வள்ளம் விக்கானாம், நம்ம ரெண்டு பேரும் வாங்கப் போறோமாம். வெளிய சொல்லிராத, சிரிப்பாக" என்றாய். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கேலிக்குள்ளேயே எல்லாம் இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

மூடிக் கிடந்த பழைய பஞ்சுக் கிட்டங்கிக்குப் பின்னால், தகரக் கதவு போட்ட காலி மனை. நடுவே மரக்கட்டைகளின் மேல் அந்தப் படகு. பளபளவென்று நீலம். தொட்டால் விரலில் ஒட்டியது. தரகருக்கு நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய அக்கா அக்கா என்று பேச்சு. ஓரமாக ஒரு சரக்கு வேன் நின்றது. அதற்குள் இன்னொரு ஆள் இறங்காமலேயே நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் சொன்ன விலை நாம் நினைத்ததில் பாதிகூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "இருவது ரூவாப் பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்க்கா. சாட்சிக்கு ரெண்டு பேரக் கூட்டியாரேன்" என்றார். பத்திரம் என்று கேட்டதும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. அசோகச் சக்கரம் போட்ட தாளில் எழுதிவிட்டால் எல்லாம் சட்டப்படி ஆகிவிடும் என்று நம்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. நீதான் பேச்சை இழுத்தாய்.

"மீன்துறையில பதிஞ்ச புத்தகம் இருக்குமே தம்பி, அது எங்க?"

"ஓனரு வெளிநாடு போயிட்டாருக்கா. புத்தகம் அவுக வீட்ல கெடக்கு. பொறவு வாங்கித் தாரேன்."

"வீடு எந்த ஊரு?"

"தூத்துக்குடிப் பக்கம்."

"பக்கம்னா?"

அவர் சிரித்தார். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. உன் பிறந்த ஊரும் அந்தப் பக்கம்தான் என்று நீயும் சொல்லவில்லை. படகைச் சுற்றி நடந்தாய். பதிவு எண் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பெயிண்ட் தடிமனாக இருந்தது. நகத்தால் சுரண்டினாய், அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த சொரசொரப்பு. எஞ்சினில் எண் இருக்கிற தகட்டைத் தேடினாய். தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் இருந்தன. எனக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னைக்கே முடிச்சாத்தாங்க்கா, சாயங்காலம் வேற பார்ட்டி வருது" என்று அவர் சொன்னதும் உன் சேலையைப் பிடித்து இழுத்து, "முடிச்சிருவோம்டீ" என்றேன். அதைச் சொன்னது நான்தான். செயலாளர்.

நீ குனிந்து அணியத்துக்கு அடியில் கையை விட்டாய். படகின் மூக்குப் பகுதியை உங்கள் ஊரில் அணியம் என்பீர்கள். உள்ளே எதையோ தடவியவள் அப்படியே நின்றுவிட்டாய். முகத்தில் ரத்தமே இல்லை.

காரணத்தை அப்புறம் சொன்னாய். உன் அப்பா தன் காலத்தில் இரண்டு படகுகளை விற்றிருக்கிறார். இரண்டு தடவையும், வாங்குகிறவர் வருவதற்கு முன்பே உன் அம்மா போய், அணியத்துக்குள் பதித்திருந்த மாதா பதக்கத்தைப் பெயர்த்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவார். "வள்ளத்த விப்போம். மாதாவ வெலைக்குக் குடுக்க மாட்டோம்டீ" என்றாய். இந்தப் படகில் பதக்கம் இருந்தது. அதன் மேலேயும் நீலம் பூசியிருந்தது. விற்கச் சம்மதித்த எந்த வீடும் அதை அங்கே விட்டிருக்காது.

ஆனால் அந்த நேரத்தில் நீ அதைக் காட்டிக்கொள்ளவில்லை. நிமிர்ந்து சிரித்தாய். "வெலை சாஸ்தியால்லா இருக்கு தம்பி" என்று ஆரம்பித்தாய். இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, மாத்திரைய டீக்கடையிலயே வச்சிட்டு வந்துட்டியே! மயங்கிக் கியங்கி விழுந்தேன்னா யாரு தூக்குறது? போயி எடுத்துட்டு வா" என்றாய். எனக்குச் சர்க்கரையும் கிடையாது, பிரஷரும் கிடையாது. உன் பையை என் தோளில் மாட்டிவிட்டு, வழியனுப்புகிற சாக்கில் கதவு வரை கூட வந்தாய்.

"திருட்டு வள்ளம். டேசனுக்குப் போ."

"வா, ரெண்டு பேரும் போயிருவோம். வாங்கலன்னாச் சரி" என்றேன்.

"வாங்காமப் போனா நம்ம தப்பிச்சிருவோம். வள்ளத்துக்காரன்? நம்ம வெளிய போன மறு நிமிசம் இந்தத் தரகன் வண்டியில ஏத்திருவான். நான் வெலை பேசிக்கிட்டே இருக்கேன். சீக்கிரம் வா."

வேனிலிருந்த ஆள் அப்போதுதான் கீழே இறங்கினான். நான் வெளியே வந்ததும் அவன் தகரக் கதவைச் சாத்தினான். அந்தச் சத்தம் முதுகில் விழுந்தது.

காவல் நிலையம் பத்து நிமிட நடை. இதுவரைக்கும் ஊரறிந்த கதை. இனிமேல்தான் உனக்குச் சொல்லாதது.

நான் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. மெயின் ரோடு வரை வந்து நின்றுவிட்டேன். உள்ளே போய் என்னவென்று சொல்வது? படகு திருட்டு என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் மாதா பதக்கம் என்பதா? நாமும் வாங்க வந்தவர்கள்தானே, நம்மையும் சேர்த்து உட்கார வைத்துவிட்டால்? பேப்பரில் படம் வந்துவிட்டால்? அந்தத் தரகர் நாளைக்கு வீட்டைத் தேடி வந்தால்? நின்று யோசிக்கிறேன், நம் ஊர் வழியாகக் கிருஷ்ணன்கோவில் போகிற பஸ் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஏறிவிட்டேன். "ஸ்ரீவில்லிபுத்தூர் ஒண்ணு" என்று டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். ஊருக்குப் போய் ஆம்பளைகளைக் கூட்டி வரப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். நான் ஓடிக்கொண்டிருந்தேன். உன்னை அந்தக் கதவுக்குள் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

ஊரைத் தாண்டிய பிறகு உன் பைக்குள் போன் அடித்தது. மில்லிலிருந்து உன் வீட்டுக்காரர்.

"என்ன கோமதி, அவ எங்க?"

"பக்கத்துலதான் நிக்கா அண்ணே. வெலை பேசிக்கிட்டு இருக்கா."

"சரி. வெயில்ல ரொம்ப அலையாதீக. சாப்பிட்டுட்டு வாங்க."

வைத்துவிட்டார். போன் என் கையில் இருந்தது. உன் கையில் போன்கூட இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. "பக்கத்துலதான் நிக்கா" என்று சொன்ன நாக்கு வாய்க்குள் கட்டை மாதிரி கிடந்தது. எழுந்து கத்தினேன். கண்டக்டர் திட்டினார், பஸ் நின்றது. வெயிலில் ரோட்டோரம் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டி, கடைசியில் ஒரு ஆட்டோ கிடைத்தது. காவல் நிலையத்தில் இருந்த பெண் ஏட்டு நான் பயந்த மாதிரி ஒன்றுமே கேட்கவில்லை. "உள்ள ஒத்தையிலயா விட்டுட்டு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, இரண்டு போலீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கதவு இன்னும் சாத்தியே இருந்தது. உள்ளே என்ன கிடக்கிறதோ என்று நான் பட்ட பாடு என் பகையாளிக்கும் வேண்டாம். அப்போது உன் குரல் கேட்டது. "கயிறு சேத்துத்தான் இந்த வெலைன்னு மொதல்ல நீதான சொன்ன? இப்ப இல்லங்குற? துடுப்பாவது உண்டா இல்லியா?"

கதவைத் தள்ளினார்கள். நீ படகின் விளிம்பில் ஏறி, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாய். வேனைப் பின்பக்கமாக எடுத்துப் படகை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். உன்னை இறக்கினால்தான் ஏற்ற முடியும். நீ முழங்கால் வலி என்று சொல்லி இறங்க மறுத்திருக்கிறாய். தரகரின் குரலில் அக்கா போய்ப் பலமுறை 'ஏ பொம்பள' வந்துவிட்டது என்று பிறகு சொன்னாய். போலீஸைக் கண்டதும் வேன்காரன் சுவரேறிக் குதித்தான். அந்தப் பக்கம் பிடித்தார்கள். ஏட்டு கேட்ட எந்தக் காகிதமும் தரகரிடம் இல்லை. எல்லாம் முடிந்து டீக்கடையில் உனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி உன் மடியில் கொட்டியது. அவ்வளவு நடுக்கத்தையும் எங்கே வைத்திருந்தாய்?

இரண்டு நாள் கழித்துப் படகுக்காரர் மனைவியோடு வந்தார். தங்கள் ஊரில் புகார் கொடுத்துவிட்டுச் சாப்பாடு தூக்கம் இல்லாமல் கிடந்திருக்கிறார்கள். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, எண்ணைத் தேடவில்லை. நேராகப் போய் அணியத்துக்கு அடியில் கையை விட்டார். அந்த அம்மா ஊக்கால் நீலத்தைச் சுரண்டிச் சுரண்டி அழுதார்.

அந்த வருட மீனில் பாதி பரிசல்காரருக்குத்தான் போயிற்று. குழுவில் முணுமுணுத்தார்கள். அடுத்த வருடம் வேறொரு படகை அதன் சொந்தக்காரர் வீட்டுக்கே போய், புத்தகத்தில் இருக்கிற எண்ணையும் படகில் இருக்கிற எண்ணையும் நீ வாய்விட்டுப் படித்துப் பார்த்து, பெயர் மாற்றிய பிறகுதான் வாங்கினோம். பத்திரம் எழுதுகிற பேச்சு வந்தபோது என்னைப் பார்த்து, "திருடுன சாமானுக்கும் பத்திரத்துல மை ஒட்டும்டீ" என்றாய். இன்றைக்கும் குழுவில் ஒரு பழைய மோட்டார் வாங்கினாலும் நான் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

போகிற இடமெல்லாம் அந்தக் கதையை நீ சொன்னாய். கூட்டத்தில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நர்ஸிடம்கூட. "கோமதி ஓடுனா பாருங்க டேசனுக்கு! பத்தே நிமிசம். போலீசோட வந்து நின்னா" என்பாய். நான் திருத்தியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் சிரித்து வைத்தேன்.

போன மாதம் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து, மாதா கோவில் வாசலில் உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. எப்படியோ படகுப் பேச்சு வந்தது. நான் அன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று, "அண்ணே, அன்னைக்கு நான்..." என்று இழுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"தெரியும் கோமதி. நான் போன் பண்ணும்போது கண்டக்டரு டிக்கெட் கேக்குற சத்தம் கேட்டுச்சு. வீட்டுக்கு வந்ததும் அவகிட்ட கேட்டேன். 'பஸ்ஸுல ஏறிட்டு எறங்கி வந்தாள்ல? ஏறுனவுக எல்லாரும் எறங்குவாகளா?' அப்படின்னா. பொறவு அதப் பத்திப் பேசவே விடல."

உனக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் தெரிந்தேதான் பத்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறாய். என் மானத்தைக் காப்பாற்ற உன் துணிச்சலை நீயே வெட்டிக் குறைத்திருக்கிறாய். அது எனக்குத் தாங்கவில்லை.

நாளை மறுநாள் குழுக் கூட்டம். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தக் கதையைக் கேட்பார்கள். பஸ்ஸில் ஏறியதையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன். நீ அந்தப் படகின் மேல் உட்கார்ந்திருந்தது பத்து நிமிடம் இல்லை, நாற்பது நிமிடம்.