ஷமீம் பக்கத்து நாற்காலி

என் ஜுலைகா அக்காவுக்கு, பதில் சலாம் வராது என்று தெரிந்தும் முதலில் சலாம்தான் சொல்கிறேன்.

நீ மவுத்தாகி நாற்பது நாள், உன் நாற்பதாம் ஃபாத்திஹாவும் ஓதி முடிந்துவிட்டது. அதற்குள் உன்னை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள் அக்கா. ஒரு பாதி ஜமாத்துக்கு. மறு பாதி, தோழிகள் என்று நாம் நம்பியவர்களுக்கு. இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஃபாத்திஹா அன்று ஜமாத் செக்ரட்டரி ஆண்களிடம் உன்னைப் புகழ்ந்தது திரைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது. "ஆம்பளைங்க முன்னாடி ஒருநாள் சத்தமா பேசினதில்ல. அப்பேர்ப்பட்ட பொம்பள." யார், நீயா? ஜமாத் ஆபீஸ் மேசையைத் தட்டிக் கேட்டவளா? சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது.

எல்லாம் நம் ஷமீமுக்காகத்தானே தட்டினாய். அவள் புருஷன் வேலை பார்க்கும் பொம்மசந்திரா கம்பெனியிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, அவளைக் கூப்பிடச் சொல்லி, மூன்று தலாக்கையும் சொல்லி வைத்துவிட்டான். ஜமாத்தும் அதை அப்படியே ஏற்க இருந்தது. அவன் வீட்டார் ஒருவரும் அவள் வீட்டார் ஒருவரும் நடுவராக உட்கார்ந்து பேசவேண்டும் என்று குர்ஆனிலேயே இருக்கிறதே, அது எங்கே போயிற்று என்று கேட்டாய். அப்பா, அண்ணன், தம்பி யாரும் இல்லாதவளுக்கு நான் வருகிறேன், பெண் வரக்கூடாது என்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றாய். "சரிம்மா, நீங்களே வாங்க" என்று செக்ரட்டரி எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "அது ஜுலைகாம்மா மொகத்துக்காக சொன்னது. லேடீஸ் எல்லாம் ஜமாத்ல உக்கார முடியாதும்மா." வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தீர்ப்பாம். ஷமீம் பக்கத்து நாற்காலி காலி.

நம் மாலினியிடம் உதவி கேட்கலாம் என்று, காக்ஸ் டவுனில் அவளுடைய பெண்ணுரிமைச் சங்கம் வைத்த உன் நினைவுக் கூட்டத்துக்குப் போனேன். மேடையில் ஆளுயரத்துக்கு உன் போட்டோ, முக்காடு இல்லாமல். பெருநாளன்று தலைக்குக் குளித்துவிட்டு என் வீட்டில் முடி உலர்த்தினாயே, அன்று பெண்கள் மட்டும் இருக்கிறோமென்று மாலினி எடுத்த போட்டோ. நமக்குள்ளதான் என்று சொல்லித்தானே எடுத்தாள்? கீழே 'முக்காட்டை உதறியவள்' என்று எழுதியிருந்தது. ஹாலில் பாதிப் பேர் ஆண்கள். சிலிண்டர்காரர் வந்தால்கூட முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்பவள் நீ.

"என்ன மாலினி இது?"

"கோச்சுக்காதீங்க மும்தாஜ். ஃபாரின்லேருந்து வந்திருக்காங்க இல்ல? அவங்களுக்குப் புரியற மாதிரி இருக்கணும்."

ஷமீம் கேஸை மாலினி எடுத்துக்கொள்வாளாம். ஆனால் மதம்தான் தன்னைக் கெடுத்தது என்று ஷமீம் மேடையில் பேசவேண்டுமாம். குர்ஆன் வசனம் கிசனமெல்லாம் வேண்டாமாம். மேடை ஏறி உன் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

செக்ரட்டரி செய்ததற்குக் கோபம்தான் வருகிறது. மாலினி செய்தது வலிக்கிறது. நம்மோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள் அல்லவா? இவர்கள் இப்படித்தான் என்று உனக்கு முன்பே தெரியுமா அக்கா? தெரிந்துதான் இரண்டு இடத்துக்கும் சிரித்த முகமாகப் போய் வந்தாயா?

நேற்று ஷமீம் வந்தாள். மாலினி சொன்னதைச் சொன்னேன். "எனக்கு அல்லா மேல கோவம் இல்லக்கா, என் வீட்டுக்காரர் மேலதான்" என்றாள். பிறகு மெதுவாக, "என் பக்கம் யாருமே இல்லாம நான் எப்படிக்கா அங்க போவேன்?" என்று கேட்டாள்.

அதனால் உனக்கு வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் நான் உட்காருவேன். பொண்ணு பக்கம் யாரு என்று கேட்டால் நான்தான் என்பேன். எழுந்து போகச் சொன்னால் எழ மாட்டேன். முக்காடு போட்டுக்கொண்டுதான் போவேன் அக்கா. சத்தமாகத்தான் பேசுவேன்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
மும்தாஜ்